எறும்புச் சோதனை

அளவுக்கு மேல் சர்க்கரை வைத்திருக்கக் கூடாது என்று சட்டம் வந்ததிலிருந்து, சோதனைக்கு வரும் அதிகாரிகள் ஒரு கண்ணாடிக் குப்பியில் எறும்புகளைக் கொண்டுவருகிறார்கள்.

"பயப்படாதீங்கம்மா, கடிக்காது" என்று சொல்லி, அதிகாரி சமையலறைத் தரையில் குப்பியைச் சாய்த்தார். அமுதவல்லி அரிசி டிரம்மைப் பார்க்காமல் இருக்கப் பாடுபட்டாள். அரிசிக்கு அடியில் ஒரு சர்க்கரைப் பொட்டலத்தைப் புதைத்து வைத்திருந்தாள்.

முன்னறைக் கட்டிலில் படுத்திருந்த அவள் கணவன் ஞானசேகர் குரல் கொடுத்தான். "எங்க வீட்டு எறும்பே பட்டினி சார். உங்க எறும்புக்கு என்ன கிடைக்கப் போவுது?"

எறும்புகள் டிரம்மைச் சுற்றி வந்தன. கொஞ்சம் தயங்கின. பிறகு அதை விட்டுவிட்டு ஒரே வரிசையாக முன்னறைக்கு நடந்தன. அமுதவல்லிக்கு மூச்சு வந்தது.

"பாத்தீங்களா சார், ஒண்ணுமில்லன்னு அப்பவே சொன்னேன்ல?" என்றான் ஞானசேகர்.

அதிகாரி வரிசையின் பின்னாலேயே போனார். அது கட்டில் காலில் ஏறி, ஞானசேகரின் பாதத்தில் இருந்த ஆறாத புண்ணின் கட்டுக்குள் நுழைந்தது.

"ஏய், கூசுதுடி, தட்டி விடு" என்று அவன் சிரித்தான்.

அவள் குனிந்தாள்.

"தொடாதீங்கம்மா" என்றார் அதிகாரி மென்மையாக. வாசல் பக்கம் திரும்பி, "இங்க ஒண்ணு இருக்கு, ரெண்டு பேர் வாங்க" என்றார்.

அமுதவல்லி சமையலறைக்கு ஓடினாள். அரிசிக்குள் கையை விட்டுப் பொட்டலத்தை உருவி எடுத்துவந்து நீட்டினாள்.

"இந்தா இருக்கு சார். இதை எடுத்துட்டுப் போங்க சார்."

அவர் அதைப் பார்க்கவே இல்லை. வெளியே வண்டியின் பின்கதவைத் திறக்கும் சத்தம் கேட்டது.