ஒயரைக் கழட்டுங்க

"எழுத்தே விழலைடா! கீபோர்டு செத்துப்போச்சு போலிருக்கு!" ஸ்டூல் மேல் ஸ்பீக்கரில் கிடந்த பட்டன் போனைப் பார்த்து அப்பா கத்தினார்.

"பாஸ்வேர்டு அடிக்கும்போது எழுத்து தெரியாதுப்பா. லினக்ஸ்ல அப்படித்தான். தைரியமா அடிச்சு என்டர் தட்டுங்க" என்றது மகனின் குரல்.

அப்பா முப்பது வருடம் பஸ் கண்டக்டராக இருந்தவர். எத்தனை நெரிசலிலும் அசராமல் டிக்கெட் கிழித்த விரல்களுக்கு, லேப்டாப்பைக் கண்டால் மட்டும் உதறல் எடுத்தது. கண்ணை மூடிக்கொண்டு தட்டினார்.

பக்கத்து நாற்காலியில் அம்மா. கண் ஆபரேஷன் முடிந்து அன்று காலைதான் கட்டைப் பிரித்திருந்தார்கள். மகன் வேலைக்காக வெளிநாடு போய் மூன்று வருடம் ஆகிறது. வீடியோவில் பேசும்போதெல்லாம் அவன் முகம் அவளுக்கு வெறும் புகைமூட்டமாகத்தான் தெரியும். கட்டுப் பிரித்ததும் பிள்ளையைப் பெரிய திரையில் ஆசை தீரப் பார்க்க வேண்டும் என்று ஒரு மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். அந்த நேரம் பார்த்து வைஃபை படுத்துவிட்டது.

"நேத்து வரைக்கும் நல்லாத்தானே இருந்துச்சு? என்ன நோண்டினீங்க?" என்றாள் அம்மா.

"நான் எங்கே நோண்டினேன்? பழசு போதும், புது லினக்ஸ் போடுன்னு இவன்தான் சொன்னான். போட்டேன்."

"கறுப்புத் திரையில இப்ப என்ன வருதுப்பா?"

"ஏதோ சிவப்பா இருக்கு. ஃபர்ம்வேர்... மிஸ்ஸிங்."

"அதான் விஷயம்! வயர்லெஸ் கார்டு நல்லாத்தான் இருக்கு. அதைத் தட்டி எழுப்புற ஃபைலைத்தான் காணோம். இன்ஸ்டால் பண்ணும்போது 'நான்-ஃப்ரீ ஃபர்ம்வேர்' வேணுமான்னு கேட்டிருக்குமே?"

"கேட்டுச்சு. வேண்டாம்னுட்டேன்."

"ஏம்ப்பா?"

"லினக்ஸ்ல எல்லாமே ஃப்ரீன்னு சொல்லித்தானே கொடுத்தே? பாதி வழியில ஃப்ரீ இல்லைன்னா என்ன அர்த்தம்? கண்டக்டர்கிட்டயே டிக்கெட் கேட்கிறானா?"

போனில் மகன் சிரித்த சிரிப்பில் ஸ்பீக்கர் கரகரத்தது. "அப்பா, அந்த ஃப்ரீ இலவசம் இல்லை, சுதந்திரம். அந்த ஃபைலைப் பிரிச்சுப் பார்க்கவோ மாத்தவோ கார்டு கம்பெனி விடமாட்டான். அதனாலதான் நான்-ஃப்ரீ. மத்தபடி காசு கிடையாது."

"அப்படின்னா முப்பத்தஞ்சு வருஷமா இந்த வீட்டுல நானும் நான்-ஃப்ரீதான்" என்றாள் அம்மா. அப்பா காதில் விழாத மாதிரி திரையையே பார்த்தார்.

"சரி, அந்த ஃபைல் எங்கே இருக்கு?"

"நெட்லதான் எடுக்கணும்."

"நெட் வர ஃபைல் வேணும், ஃபைல் வர நெட் வேணுமா? நல்லா இருக்குடா உன் நியாயம்!"

"அதுக்குத்தான் ஒயர். மோடத்துல ஒரு முனையைச் சொருகுங்க, இன்னொண்ணை லேப்டாப்புல."

ஒயர் குட்டை. மோடம் இருந்த டி.வி. பக்கம் லேப்டாப் நகர்ந்தது. கிளிப் உடைந்துபோயிருந்ததால் நழுவாமல் இருக்க அம்மா முனையை அழுத்திப் பிடித்துக்கொண்டாள். மகன் ஒவ்வொரு எழுத்தாகச் சொல்ல, அப்பா ஒவ்வொன்றாகத் தேடித் தட்டினார். திரையில் வரிகள் கடகடவென்று ஓடி நின்றன.

"ஏறிடுச்சு! போலாம் ரைட்!"

அம்மாவுக்குச் சட்டென்று தோன்றியது. "ஒயர்லயே நெட் வருதே? அப்ப முகத்தைக் காட்டேன்டா!"

"வேண்டாம்மா. வைஃபைலதான்."

"ஏன்?"

"ஒயரை மாட்டியே வச்சிருந்தா ஒயர்லெஸ் சரியாச்சான்னு எப்படித் தெரியும்?"

அம்மாவுக்குச் சுருக்கென்றது. "உடம்பு கிடம்பு சரியில்லையா? இளைச்சுப் போயிட்டியா? அதை மறைக்கத்தானே இவ்வளவு சாக்கு? மூச்சு வேற வாங்குது உனக்கு!"

"லிஃப்ட் ரிப்பேர்மா. மாடி ஏறிட்டிருக்கேன். அப்பா, ஒயரைக் கழட்டுங்க. ரீஸ்டார்ட் பண்ணுங்க."

அப்பா பண்ணினார். கண்ணில் தண்ணீர் விடக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்ததால் அம்மா பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நேரில்தான் இல்லை, திரையிலாவது வரக் கூடாதா இந்தப் பிள்ளை என்று இருந்தது அவளுக்கு.

திரை விழித்தது. மூலையில் விசிறி மாதிரி ஒரு குட்டிப் படம் முளைத்தது.

"வந்துடுச்சுடா! கார்டு பொழைச்சுக்கிச்சு!" அப்பா நாற்காலியிலிருந்து துள்ளிவிட்டார்.

"சூப்பர்ப்பா! அதை அழுத்தினா வைஃபை பேரெல்லாம் வரிசையா வரும். அம்மா, நீ படி. புதுக் கண்ணு எப்படி இருக்குன்னு பார்ப்போம். கீழேயிருந்து மேலே படி."

"ஊரெல்லாம் மேலேயிருந்து படிக்கும். இவனுக்கு மட்டும் கீழேயிருந்து படிக்கணும்." முணுமுணுத்தபடி அம்மா குனிந்தாள். கண்ணாடி இல்லாமலே ஒவ்வொரு எழுத்தும் கழுவி வைத்ததுபோல் தெரிந்தது. கோபத்தையும் மீறி அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது. "பல் டாக்டர்... மாடி வீடு... பாஸ்வேர்டு கேட்காதே... இது நம்ம வீட்டுது. இதை அழுத்தட்டுமா?"

"இரும்மா. அதுக்கும் மேலே, சிக்னல் ஃபுல்லா ஒண்ணு இருக்கும் பாரு."

அம்மா பார்த்தாள். படித்தாள். சட்டென்று எழுந்தாள்.

அப்பாதான் எட்டிப் பார்த்துச் சத்தமாகப் படித்தார். "'அம்மா கதவைத் திற'வா? வைஃபைக்கு எவன்டா இப்படிப் பேர் வச்சிருக்கான்?"

அதற்குள் அம்மா வாசலுக்கு ஓடித் தாழ்ப்பாளை இழுத்திருந்தாள். காதில் அந்த வைஃபையைப் பரப்பிய போனும் காலடியில் பெட்டியுமாக நின்றிருந்தவனின் முகம் அவளுக்குப் பளிச்சென்று தெரிந்தது.