ஆளுக்குப் பாதிக் கட்டு

"பெரிய கட்டு ஆயிரத்து நானூறு, சின்னக் கட்டு எரநூறு. எட்டுச் சின்னக் கட்டும் ஒரு பெரிய கட்டும் ஒரே எடைண்ணே. கணக்க நீங்களே போட்டுக்கங்க."

வைக்கோல் வண்டியின் மேல் நின்றுகொண்டு மாதா மாதம் சொல்வதையே காசிமாயன் இந்த மாதமும் சொன்னான். உசிலம்பட்டியிலிருந்து பனியன் கம்பெனி வேலைக்கென்று திருப்பூர் வந்தவன், இப்போது மண்டிக்கு வண்டி ஓட்டுகிறான்.

கீழே ஒரே வீட்டுக்கு இரண்டு வாசல்கள், நடுவில் ஒரு சுவர். இந்த வாசலில் அண்ணன் தங்கவேலு. அந்த வாசலில் தம்பி நாச்சிமுத்து.

"எனக்குச் சின்னது நாலு எறக்குங்க. அவனுக்கு என்ன வேணுமோ அவனையே கேட்டுக்கங்க" என்றார் அண்ணன்.

"நமக்கும் சின்னது நாலுங்க. அவுருகிட்டச் சொல்லிருங்க" என்றார் தம்பி.

அண்ணன் தும்மினால் தம்பி மேல் தெறிக்கும். அவ்வளவுதான் தூரம். இருந்தாலும் காசிமாயன் கடமை தவறாமல் திரும்பி, "நாலு வேணுமாம்ண்ணே" என்றான்.

இருவருக்கும் கணக்குத் தெரியாமல் இல்லை. கொசுறுக் கறிவேப்பிலை வாங்காமல் சந்தையை விட்டு நகராத குடும்பம். ஒரு பெரிய கட்டைப் பங்கு போட்டால் ஆளுக்கு எழுநூறுதான். நாலு சின்னக் கட்டு என்றால் எண்ணூறு.

ஆனால் பெரிய கட்டை உருட்டவும் பிரிக்கவும் இரண்டு ஆள் வேண்டும். பிள்ளைகளும் மருமகள்களும் காலையிலேயே கம்பெனி வேனில் போய்விடுவார்கள். மிச்சம் இருப்பது இந்தப் பக்கம் ஒரு கிழவர், அந்தப் பக்கம் ஒரு கிழவர்.

ஆக, ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் இருப்பதற்கு மாதா மாதம் ஆளுக்கு நூறு ரூபாய் தண்டம்.

எல்லாம் ஒரு கல்யாணப் பத்திரிகையால் வந்தது. தங்கச்சி மகன் கல்யாணத்துக்குத் தாய்மாமன்கள் பெயர் போட்டபோது, தம்பி பெயர் மேலேயும் அண்ணன் பெயர் கீழேயும் வந்துவிட்டது. அச்சகத்துக்காரன் கைபிசகு. அன்றைக்கு நின்ற பேச்சு, நாலு வருஷமாகியும் தொடங்கவில்லை.

சின்னக் கட்டுகள் வண்டியின் உள்பக்கம் இருந்தன. அவற்றை எடுக்க, பின்னால் அடைத்துக்கொண்டிருந்த பெரிய கட்டைக் கொஞ்சம் ஒதுக்கப் பார்த்தான் காசிமாயன்.

கட்டு ஒதுங்கவில்லை. சாய்த்து வைத்திருந்த பலகை வழியாக இறங்கி, தெருச் சரிவில் உருள ஆரம்பித்தது.

சரிவின் முடிவில் சாக்கடை. அதில் விழுந்த வைக்கோலை மாடு மோந்துகூடப் பார்க்காது. மண்டிக்காரர் மட்டும் ஆயிரத்து நானூறையும் மறக்காமல் காசிமாயன் சம்பளத்தில் பிடித்துவிடுவார்.

வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தங்கவேலு முன்னால் பாய்ந்து தோளைக் கொடுத்தார்.

"நாச்சீ! இழுத்துப் புடிறா!"

"புடிச்சுட்டனுங்ணா!"

கட்டின் மேல் சுற்றியிருந்த வலையைப் பின்னாலிருந்து இரண்டு கையாலும் பற்றியிருந்தார் நாச்சிமுத்து.

கட்டு நின்றது. தெருவும் நின்ற மாதிரி இருந்தது. நாலு வருஷம் கழித்து ஒரு பேர் சொல்லிக் கூப்பிட்டாகிவிட்டது, அதை இனி வாய்க்குள் திரும்பப் போட்டுக்கொள்ள முடியாது.

நெஞ்சு உயரக் கட்டுக்கு அந்தப் பக்கம் ஒருவரும் இந்தப் பக்கம் ஒருவருமாகக் குனிந்திருந்தார்கள். முகம் தெரியாதது நல்லதாகப் போயிற்று.

"சுகர் எவ்வளவுடா இருக்குது?" என்றது கட்டின் முன்பக்கம்.

"எரநூத்திப் பத்துங்ணா. உங்களுக்குங்க?"

"நூத்தித் தொண்ணூறு."

இந்த வரிசையில் தம்பி மேலேயும் அண்ணன் கீழேயும் இருப்பதில் யாருக்கும் வருத்தம் இருந்ததாகத் தெரியவில்லை.

பிறகு, "அந்தப் பத்திரிகையில பேரு நான் போடச் சொல்லலீங்ணா" என்றது பின்பக்கம்.

"தெரியும்டா. அன்னைக்கே தெரியும்."

வண்டிமேல் நின்ற காசிமாயன் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தான். ஊரில் அவனுக்கும் ஓர் அண்ணன் உண்டு.

ஆனாலும் கிழவர்கள் எவ்வளவு நேரம் தாங்குவார்கள்? பாவம். டயருக்குக் கொடுக்கும் முட்டுக்கட்டையை இருக்கைக்கு அடியிலிருந்து உருவிக்கொண்டு ஓடினான்.

கட்டின் அடியில் வைக்கக் குனிந்தவன் அப்படியே நின்றுவிட்டான்.

வண்டிகள் உரசாமல் இருக்கத் தெருவோரம் நட்டிருந்த கல் ஒன்றில் கட்டு எப்போதோ முட்டி, அசையாமல் உட்கார்ந்திருந்தது. அந்தக் கல்லின் மேல்தான் தங்கவேலு ஒரு காலைத் தூக்கி வைத்து, டீக்கடையில் நிற்பவரைப் போல வசதியாகச் சாய்ந்திருந்தார். எட்டிப் பார்த்தான். அந்தப் பக்கம் நாச்சிமுத்து இரண்டு விரலால் வலையைப் பிடித்துக்கொண்டு இன்னொரு கையால் முதுகைச் சொறிந்துகொண்டிருந்தார்.

"கைய எடுத்துறாதடா நாச்சீ, உருண்டுரும்" என்றார் தங்கவேலு.

"எடுக்கலீங்ணா. பலமாப் புடிச்சிருக்கறன்."

காசிமாயன் முட்டுக்கட்டையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டான். ஓசைப்படாமல் வண்டிக்குத் திரும்பி, அதை இருந்த இடத்திலேயே செருகினான். பிறகு தெருவே கேட்கும்படி கத்தினான்.

"யண்ணே, முட்டுக்கட்டையக் காணம்! எங்கேயாச்சும் ஒண்ணு தேடி எடுத்துட்டு வர்றேன். வர்ற வரைக்கும் ரெண்டு பேரும் விட்றாதீங்க!"

டீக்கடைப் பக்கம் நடந்தான்.