சிவப்பு பல்பின் கீழ்
"ஏனுங்க சிஸ்டர், நீல லைட்டு பியூஸ் போனா என்னங்க, இந்தச் செவப்பு பல்பையே இன்னும் ரெண்டு சேத்திப் போட்டா ஆவாதுங்களா?" காலையில் கேட்டதையே லூர்துராஜ் மறுபடியும் கேட்கிறான். மலைமேல் இருக்கும் அந்தச் சின்ன ஆஸ்பத்திரியில் பிறந்த அவன் குழந்தைக்கு மஞ்சள் காமாலை உள்ளங்கால் வரை இறங்கியிருக்கிறது. "செவப்போட அலை நீளமுங்கண்ணா, மெதுவாத்தான் துடிக்கும். அதுல ஒவ்வொரு துளி வெளிச்சத்துக்கும் தெம்பு கம்மி. எத்தனை பல்பு போட்டாலும் சூடுதான் வரும், மஞ்சள் கரையாது. நீலத்துக்குத்தான் அலை குட்டை, துடிப்பு வேகம், தெம்பும் ஜாஸ்தி," என்கிறாள் நர்ஸ் இன்பமேரி. "அப்ப வெயிலுங்க?" ஜன்னல் கண்ணாடியில் மூடுபனி அப்பிக் கிடக்கிறது. மலைப்பாதையில் மண் சரிந்து பெரிய ஆஸ்பத்திரி இருக்கிற சேலத்துக்குப் போகும் பஸ்ஸும் நின்றுவிட்டது. சிவப்பு வெளிச்சத்தில் குழந்தையின் முகம் நல்ல நிறமாகவே தெரிகிறது. லூர்துராஜ் பல்பை அணைத்துப் பார்க்கிறான். மஞ்சள். குழந்தையைத் துண்டில் சுற்றிச் சட்டைக்குள் சேர்த்துக்கொண்டு, அடிவாரத்துக்கு இறங்கும் பாதையில் நடக்கிறான்.