முதல் குடித்தனம்

தன் வீட்டு பால்கனியில் எவளோ ஒருத்தியின் சேலை காய்வதைப் பார்த்து, கலையரசி நடுரோட்டிலேயே நின்றுவிட்டாள்.

தன் வீடு என்றால், இன்னும் சாவி வாங்காத வீடு. டவுன் மார்க்கெட்டுக்குப் பின்னால் வருஷக்கணக்கில் முள் மண்டிக் கிடந்த மாநகராட்சி இடத்தில், குறைந்த வாடகைக்கு விடுவதற்கென்றே கட்டிய நாற்பத்தெட்டு வீடுகளில் ஒன்று. குலுக்கலில் அவளுக்கு விழுந்தது நாலாவது மாடி, வடக்கு மூலை.

"எக்கா, மேல பாருங்க. என் வீட்டுல யாரோ குடியிருக்காவ!"

கூட வந்த ஜுபைதா பீவி கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்த்தாள். இருவருக்கும் ஒரே ஜவுளிக்கடையில் வேலை. குலுக்கலில் அவளுக்கும் இரண்டாவது மாடியில் ஒரு வீடு விழுந்திருந்தது.

"ஆமாட்டி! சேலை மட்டுமா? குடம் வேற இருக்கு."

வாசலில் வாட்ச்மேன் முத்துமாலை பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்.

"அண்ணாச்சி, நாலாவது மாடியில யாரு?"

"நம்ம இன்ஜினீயரம்மா. பெர்சிஸ் மேடம். பத்து நாளா இங்கனதான் இருக்காவ. பாய், அடுப்பு, சட்டி பானை எல்லாம் கொண்டாந்துட்டாவ. நேத்து கருவாடு பொரிச்சிருப்பாவ போல. போய்ப் பாத்தா, புதுச் சுவரு பூரா புகை."

கலையரசி மறுபடி மேலே பார்த்தாள்.

"அவியளுக்கு வீடு இல்லையோ?"

"ஏன் இல்லாம? பாளையங்கோட்டையில சொந்த வீடு. ஏசி எல்லாம் உண்டு."

குலுக்கல் முடிந்து மூன்று மாசம். எப்போது போய்க் கேட்டாலும், "இன்ஜினீயர் இன்னும் கையெழுத்துப் போடல" என்றுதான் ஆபீசில் சொல்கிறார்கள். கலையரசியோ தினமும் சேரன்மகாதேவியிலிருந்து பஸ் ஏறி வேலைக்கு வருகிறாள். கடை மூடி, நெரிசலில் நின்றபடியே ஊர் போய்ச் சேரும்போது, மகள் சாப்பிடாமல் தூங்கிப்போயிருப்பாள்.

"ஏன் கையெழுத்துப் போடலன்னு இப்பல்லாக்கா புரியுது? நம்ம வீட்டுல சொகமா இருந்து பாத்துட்டாவ. இனி எங்க எறங்குவாவ?"

"சும்மா விடாதட்டி. போட்டோ எடு. மனு எழுது. நானும் வாரேன்."

மனு நாளன்று இருவரும் கடைக்கு லீவு போட்டார்கள். மாநகராட்சி கமிஷனர் மனுவை வாங்கி வாய்விட்டே படித்தார்.

"'ஏழைகளுக்குக் கட்டிய வீட்டில் இன்ஜினீயர் குடியேறிவிட்டார். அவரை உடனே காலி செய்யச் சொல்ல வேண்டும்.'" அவர் நிமிர்ந்தார். "இதே புகாரை நேத்து இன்னொருத்தரும் கொடுத்தார்."

'பாத்தியா?' என்பதுபோல ஜுபைதா பீவி முழங்கையால் இடித்தாள்.

கமிஷனர் ஆளனுப்பி பெர்சிஸை வரச்சொன்னார். வந்தவளின் கழுத்தெல்லாம் வேர்க்குரு. கண்ணுக்குக் கீழே கருத்திருந்தது. கலையரசி அதையெல்லாம் கவனிக்கிற நிலையில் இல்லை.

"ஏம்மா, உங்களுக்கு ஏசி வச்ச வீடு இருக்குல்லா? பொறவும் எதுக்கு என் வீட்டுல வந்து குடித்தனம்?"

பெர்சிஸ் கோபப்படவில்லை.

"வடக்கு மூலை உங்க வீடா? இருக்குற நாற்பத்தெட்டுலயும் மோசமான வீடு எதுன்னு பாத்தேன். அதனாலதான் அங்க போனேன்."

"மோசமா?"

"மேல மொட்டைமாடி. மத்தியானம் உள்ள உக்கார முடியல. வீட்டுல பிள்ளை இருந்தா லீவு நாள்ல காய்ச்சலே வந்துரும். தளத்துக்கு மேல ஓடு பதிக்கணும். கருவாடு பொரிச்சா புகை வெளிய போகமாட்டேங்குது. அடுப்படி ஜன்னலை மாத்தணும். தண்ணி மூணாவது மாடியோட நின்னுபோகுது. தினமும் கீழ இருந்து குடத்துல தூக்குதேன்."

பெர்சிஸ் முந்தானையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"எல்லாம் சரியா இருக்கு, கையெழுத்துப் போடுங்கன்னு ஒரே நச்சரிப்பு. பதினஞ்சு நாள் குடியிருந்து பாத்துட்டுப் போடுதேன்னு சொல்லிட்டேன். அங்க தண்ணி ஏறிட்டா எல்லா வீட்டுக்கும் ஏறிரும்லா?"

"என்கிட்ட எழுதிக் கொடுத்து அனுமதி வாங்கிட்டுத்தான் போனாங்க" என்றார் கமிஷனர்.

"அப்போ நேத்து புகார் குடுத்தது யாரு சார்?" ஜுபைதா பீவியின் குரல் இறங்கியிருந்தது.

"வீட்டைக் கட்டின கான்ட்ராக்டர். அவரும் இதேதான் எழுதியிருக்கார். உடனே காலி செய்யச் சொல்லணுமாம்."

கலையரசி கமிஷனர் முன்னால் கிடந்த தன் மனுவை எட்டிப் பார்த்தாள்.

"எல்லாத்தையும் சரிசெய்ய இன்னும் ஒரு மாசம் ஆகும்மா" என்றாள் பெர்சிஸ். "உங்களுக்குக் கஷ்டம்னு தெரியும். ஆனா இப்பக் கையெழுத்துப் போட்டுட்டா, பொறவு அவரு இந்தப் பக்கமே எட்டிப் பாக்க மாட்டாரு."

இன்னும் ஒரு மாசம். கலையரசிக்குக் கடைசி பஸ்ஸும், பசியோடு தூங்கும் மகள் முகமும் கண்ணுக்குள் வந்துபோயின. எதிரே நின்றவளின் தோளைப் பார்த்தாள். குடம் சுமந்த இடத்தில் சேலை நைந்திருந்தது.

கமிஷனர் பேனாவை எடுத்தார். "சொல்லுங்கம்மா, உங்க மனுவை என்ன செய்யட்டும்?"

"இருக்கட்டும் சார். அதுல ஒரே ஒரு வார்த்தையை மட்டும் மாத்தணும்" என்றாள் கலையரசி. "'உடனே'ங்கதை அடிச்சுட்டு, 'தண்ணி ஏறின பொறவு'ன்னு போட்டுக்கிடுங்க."