மட்டியும் புளித்த பீரும்

புளிப்பை அறிந்தவனே நாகரிகத்தை அறிந்தவன் என்று அடையாற்றங்கரை பங்களாவின் வராந்தாவில் துரை அருளுகிறார். அருளி முடிப்பதற்குள் ஏப்பம் முந்திக்கொள்கிறது. பெல்ஜியத்திலிருந்து கப்பலேறி வந்த புளித்த பீர், மத்தியான வெயிலில் கலங்கிய தேனாக மினுங்குகிறது. விருந்தாளிகள் மூவரும் ஒரு வாய் குடித்து, கண்ணை இடுக்கிக்கொண்டு பிரமாதம் என்கிறார்கள். மூங்கில் தட்டிக்குப் பின்னால் நிற்கிற தலைமைச் சமையல்காரன் முனியன், அவர்களுடைய கைகளையே பார்க்கிறான். இன்று எந்தச் சமையல்காரனின் தட்டு காலியாகிறதோ அவன்தான் கோடைக்குத் துரையோடு ஊட்டிக்குப் போவான். பதினேழு வருஷமாகப் பேர் வாங்கிய முனியனின் ஆட்டுக்கறி கட்லெட் தொடுவாரில்லாமல் கிடக்கிறது. கைகளெல்லாம் போவது, போன மாதம் குப்பத்திலிருந்து வேலைக்கு வந்த மிக்கேல் இஞ்சி தட்டிப் போட்டு அவித்த மட்டிச் சிப்பிக்குத்தான். ஒவ்வொரு ஓடும் பீங்கான் கிண்ணத்தில் விழும்போது முனியனின் தாடை ஒருமுறை அசைகிறது.

"இந்த பீரப் பத்தி உனுக்கு இன்னாடா தெரியும்?" என்கிறான், பக்கத்தில் நிற்கிற மிக்கேலிடம்.

"ஒண்ணியும் தெரியாது அண்ணாத்தே. ஒரு சொட்டு நாக்குல வெச்சேன், எங்கூட்டு நீராகாரம் மாதிரியே கீது. அதுக்குக் கடல் சரக்குதான் சேரும். உன் மசாலா அத்த அமுக்கிடும்" என்கிறான் மிக்கேல்.

"மட்டியெல்லாம் குப்பத்துல பசிக்குத் துன்றது. நான் வாயில வெச்சதே இல்ல."

துரை மணியடித்து இன்னொரு கிண்ணம் மட்டி கேட்கிறார். மிக்கேல் சட்டியைத் திறக்கிறான். சட்டி காலி. முனியனின் வெள்ளை அங்கிப் பையில் பதினோரு மட்டி ஓடுகள் இருக்கின்றன.