கப்பல் புறப்படுவதற்குள்

"முகத்தை அந்தப் பக்கம் திருப்பாதே ஹேசல். அப்புறம் மறுபடியும் முதல்லேர்ந்து ஆரம்பிப்பாங்க."

"நான் திருப்பலை. நீ கொஞ்சம் மூச்சு விடு வெர்னன். மரக்கட்டையைக் கட்டிப் பிடிச்சிட்டு நிக்கிற மாதிரி இருக்கு."

ஹாலிவுட் ஸ்டூடியோ ஒன்றின் ஆறாம் எண் படப்பிடிப்புத் தளத்தில் பாதிக் கப்பல் நின்றிருந்தது. மீதிப் பாதி காமிராவுக்குத் தேவையில்லை. பின்னால் துணியில் தீட்டிய கடல். அதன் மேல் துணியில் தீட்டிய வானம். வெளியே காலை ஒன்பதரை மணி வெயில் கொளுத்த, உள்ளே பௌர்ணமி. அந்த நிலா வெளிச்சத்தில் வெர்னனும் ஹேசலும் ஒருவரை ஒருவர் அணைத்தபடி நின்றார்கள்.

இவர்கள் நட்சத்திரங்கள் அல்ல. இவனுக்குக் கதாநாயகனின் உயரம், இவளுக்குக் கதாநாயகியின் கூந்தல் நிறம். நட்சத்திரங்கள் ஒப்பனை அறையில் சாவகாசமாகக் காப்பி குடிக்கும் நேரத்தில், அவர்கள் இடத்தில் அசையாமல் நிற்பதுதான் இவர்களுக்கு வேலை. விளக்குகளைச் சரிசெய்து முடித்ததும் இவர்கள் விலகிவிட வேண்டும். அவர்கள் வந்து காதலிப்பார்கள்.

படத்தில் நாயகிக்குக் கணவன் ஒருவன், காதலன் ஒருவன். இன்று எடுப்பது கடைசிக் காட்சி. கப்பல் புறப்படுவதற்குள் அவள் காதலனிடம் விடைபெற்றுக்கொண்டு கணவனோடு போய்விடுகிறாள்.

படத்தில் மட்டும்தான் இப்படி என்று நினைத்துவிட வேண்டாம். தலைக்கு மேலே, பலகைப் பாலத்தில் உட்கார்ந்து நிலா விளக்கைப் பிடித்திருந்த கஸ், ஹேசலைக் கல்யாணம் செய்துகொள்ளக் கேட்டிருந்தான்.

"கஸ் விஷயம் என்னாச்சு?" வெர்னன் மெல்லக் கேட்டான்.

"படம் முடியறதுக்குள்ள பதில் சொல்றேன்னு சொல்லியிருந்தேன். இன்னைக்குத்தானே கடைசி நாள்."

"நல்லவன்தான் அவன்."

"அது எனக்குத் தெரியாதா? நீ வேற சொல்லணுமாக்கும்!"

வெர்னன் நடிகனாக வேண்டும் என்று ரயிலேறி வந்தவன். காமிராவுக்கு முன்னால் நிறுத்தி ஒரு வரி பேசச் சொன்னபோது நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. அன்றிலிருந்து பேச்சே தேவைப்படாத இந்த வேலை. மூன்று மாதமாகத் தினமும் ஹேசல் அவன் கைக்குள் இருக்கிறாள். மனசில் இருப்பதைச் சொல்லத்தான் வாய் வரவில்லை. அதற்குள் கஸ் ஏணியில் இறங்கி வந்து கேட்டே விட்டான்.

சட்டென்று வெளிச்சம் வெர்னனின் கண்ணில் அறைந்தது.

"டேய் கஸ்! எங்கேடா பார்க்கிறே?" காமிராமேன் பர்டெட் கத்தினார். "நிலா அவ கன்னத்துல விழணும்டா, இவன் கண்ணுல இல்லை!"

"சாரி சார், திருகு லூஸா இருக்கு," என்று மேலேயிருந்து குரல் வந்தது.

நிலா நகர்ந்தது. கன்னத்தைத் தாண்டித் தோளுக்குப் போனது; தோளிலிருந்து கைப்பிடிக் கம்பிக்கு வழுக்கியது. பர்டெட் தலையில் அடித்துக்கொண்டார்.

"வேணும்னே பண்றான் பாரு," வெர்னன் பல்லைக் கடித்தான். "நான் உன்னைப் பிடிச்சிட்டு நிக்கிறது அவனுக்கு எரியுது."

"எரிஞ்சா எரியட்டும். உனக்கு ஒண்ணும் எரியலையா?"

வெர்னன் துணிக் கடலைப் பார்த்தான். எங்கோ ஒரு விசிறி சுழன்று கடற்காற்றை வரவழைத்தது. அவளுடைய கூந்தல் அவன் கழுத்தில் பட்டுப் பட்டு விலகியது. செயற்கைப் பனி முழங்கால்வரை மிதந்து வந்தது. இந்தக் கப்பல் நிஜமாகவே புறப்பட்டு, யாரும் இறங்கச் சொல்லாமல், இப்படியே போய்க்கொண்டிருந்தால் என்ன என்று அவனுக்குத் தோன்றியது.

இருபது நிமிஷத்தில் முடிய வேண்டிய வேலை ஒரு மணி நேரமாகியும் முடியவில்லை. நாயகி இரண்டு முறை ஆள் அனுப்பிக் கேட்டுவிட்டாள்.

"இன்னொரு தடவை அந்த விளக்கு ஆடுச்சு, பத்து வருஷம் வேலை செஞ்சவன்னு பார்க்க மாட்டேன். நேரா வீட்டுக்குப் போயிடு!" பர்டெட் தொண்டை கிழியக் கத்தினார்.

"ஒரே நிமிஷம் சார்."

ஒரே நிமிஷம். அப்புறம் இவளை விட்டுவிட வேண்டும். வெர்னன் அவள் காதோரம் பேசினான்.

"ஹேசல்... அவனுக்குச் சரின்னு சொல்லிடாதே."

"ஏன்?"

"ஏன்னா, நான் இருக்கேன். எனக்கு அழகாப் பேச வராது. இந்தப் படத்து வசனம் பூரா எனக்கு மனப்பாடம். ஆனா நான் உங்கிட்ட சொல்ல வேண்டியது அதுல ஒரு வரிகூட இல்லை. நாளைக்குக் காலைல எழுந்தா இந்தக் கையை எங்கே வெச்சுக்கிறதுன்னு எனக்குத் தெரியாது. என்னைக் கட்டிக்கோ."

ஹேசலின் கண்கள் நிறைந்துவிட்டன. "இதைச் சொல்ல உனக்கு மூணு மாசமா?" என்றவள், அவன் தோளுக்கு மேலாக உயரே பார்த்து லேசாகத் தலையசைத்தாள்.

நிலா வந்து அவள் கன்னத்தில் உட்கார்ந்தது. அப்புறம் இம்மியும் அசையவில்லை.

"அப்பாடா!" என்றார் பர்டெட். "கூப்பிடுங்க அவங்களை!"

நட்சத்திரங்கள் வந்து இடத்தை எடுத்துக்கொண்டார்கள். தளத்தின் இருட்டு மூலைக்கு இவர்கள் கைகோத்து நடந்தபோது, வெர்னனுக்குக் கால் தரையில் பாவவில்லை.

"என்னதான் தொந்தரவு பண்ணிப் பார்த்தான் அவன்! கடைசில என்ன ஆச்சு?" என்று சிரித்தான்.

ஹேசல் சிரிக்கவில்லை.

"கஸ்ஸுக்கு நேத்தே இல்லைன்னு சொல்லிட்டேன் வெர்னன். உன் பேரையும் சொன்னேன். அப்புறம், 'நீ கவலைப்படாதே, அவன் வாயைத் திறக்கிற வரைக்கும் நாளைக்கு என் விளக்கு சரியாகாது'ன்னு சொல்லிட்டுப் போனான்."