ஒரு முழம்

ஒடெல்லா விழவில்லை.

கால்டரின் குத்து பட்ட சத்தம் கொட்டகை முழுக்கக் கேட்டது. உளவாளி குத்தியதும் அவள் பின்னால் பறந்துபோய் மேசையை உடைத்துக்கொண்டு விழ வேண்டும். கதையில் அப்படித்தான் இருக்கிறது.

மேசை முழுசாக இருந்தது. அதன் மேலிருந்த கோப்பைகள்கூட ஆடவில்லை.

"கட்" என்றார் இயக்குநர்.

அட்லாண்டாவுக்கு வெளியே, ஒரு பழைய பஞ்சுக் கிடங்குக்குள் ஒட்டுப்பலகையால் கட்டிய ரயில்பெட்டி அது. கால்டர்தான் உளவாளி. அவனைக் கொல்ல வரும் சமையல்காரியாக நடிக்கிற நடிகை பக்கத்து அறையில் பழம் தின்றுகொண்டிருந்தாள். அவளுக்குப் பதிலாக அடி வாங்க வந்தவள் ஒடெல்லா. வயது ஐம்பத்தெட்டு. கேமரா முதுகுப் பக்கம் இருப்பதால் முகம் தெரியாது. இடுப்புதான் கொஞ்சம் இடித்தது. சமையல்காரியின் வெள்ளைக் கோட்டை இரண்டு விரற்கடை பிரித்துத் தைத்துக் கொடுத்தேன். உடுப்பு தைப்பது என் வேலை.

சண்டைக்காரர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. குத்துகிறவன் ஒரு முழம் தள்ளித்தான் குத்துவான். அந்த இடைவெளியைக் கேமரா விழுங்கிவிடும். வாங்குகிறவள் விழுகிற விழுகையில்தான் அது அடியாகும்.

விழுந்தவள் கட்டைவிரலை உயர்த்திக் காட்ட வேண்டும். அதைப் பார்த்தபிறகுதான் எங்களுக்கு மூச்சு வரும்.

கால்டருக்கு அந்த முழம் பிடிக்காது. பட்டால்தான் படம் என்பான்.

போன வாரம் இதே இடத்தில், இதே குத்தை வாங்கி, ஒரு இளம்பெண் விழுந்தாள். அவள் கட்டைவிரல் உயரவில்லை. தாடை இரண்டாக உடைந்திருந்தது.

அவள்தான் தலையைத் தப்பாகத் திருப்பினாள் என்று ஒரு தாளில் எழுதினார்கள். பார்த்தவர்கள் எல்லோரும் கையெழுத்துப் போட்டோம்.

நானும் போட்டேன்.

இன்று காலை ஒடெல்லா வந்ததும் வராததுமாகக் கால்டரிடம் சொன்னாள், எல்லோர் காதிலும் விழும்படி.

"தம்பி, ஒரு முழம் தள்ளிக் குத்து, அழகா விழறேன். மேல பட்டுச்சுன்னா நின்னுடுவேன்."

"என்ன மேடம், துணியா அளக்கறீங்க?" என்றான் கால்டர். சிலர் சிரித்தார்கள்.

இப்போது யாரும் சிரிக்கவில்லை. அவள் புருவத்துக்கு மேலே சிவந்து புடைத்திருந்தது. அவன் தன் விரல்களை மடக்கி மடக்கிப் பார்த்துக்கொண்டிருந்தான். அவள் தாடையைக் கொடுக்கவில்லை. கடைசி நொடியில் தலையைத் தாழ்த்தி நெற்றியைக் கொடுத்திருந்தாள். நெற்றி எலும்பு கல் மாதிரி. முப்பது வருஷம் அடி வாங்கியவளுக்குத் தெரியும். அவனுக்குத் தெரியாது.

"மறுபடி" என்றார் இயக்குநர்.

மறுபடியும் குத்தினான், இன்னும் ஓங்கி. அவள் ஒரு அடி பின்னால் தள்ளாடி, திரும்ப அதே இடத்துக்கு வந்து நின்றாள். இரண்டு கைகளையும் தொங்கவிட்டபடி.

கால்டர் கையை உதறிக்கொண்டு சுற்றிச் சுற்றி வந்தான். யாரோ ஐஸ் கொண்டுபோய்க் கொடுத்தார்கள். அவளுக்கு யாரும் கொடுக்கவில்லை. நான் ஒரு துணியை நனைத்துக்கொண்டு போனேன். வேண்டாம் என்று தலையசைத்தாள்.

சண்டை சொல்லிக்கொடுக்கும் ராஸ்கோ ஓடிவந்தான்.

"அக்கா, உன் கால்ல விழறேன், விழுந்து தொலை. நாளையிலேர்ந்து உன்னை ஒருத்தனும் கூப்பிடமாட்டான்."

"இன்னைக்குக் கூப்பிட்டீங்கல்ல? அது போதும்" என்றாள்.

மூன்றாம் முறை.

கால்டர் எதிரே வந்து நின்றான். வீங்கிய கையைப் பார்த்தான். அவள் நெற்றியைப் பார்த்தான். அவள் இமைக்கவில்லை.

பிறகு அரை அடி பின்னால் வைத்தான்.

இன்னும் அரை அடி.

குத்தினான். கை காற்றில் போனது. அவளுக்கும் அவன் முஷ்டிக்கும் நடுவே முழுசாக ஒரு முழம்.

ஒடெல்லா பறந்தாள்.

தலை சடாரென்று திரும்ப, கால்கள் தரையை விட்டு எழ, மேசை நடுவில் பிளக்க, கோப்பைகள் ரயில்பெட்டிச் சுவரில் தெறிக்க, சுருண்டு விழுந்தாள். அப்படி ஒரு விழுகையை நான் பார்த்ததில்லை.

கட்டைவிரல் உயரவில்லை.

ஒன்று. இரண்டு. மூன்று. என் கையிலிருந்த ஊசி கீழே விழுந்தது.

"நான் தொடவே இல்ல!" கால்டரின் குரல் கீச்சிட்டது. "எல்லாரும் பாத்தீங்கல்ல? சொல்லுங்களேன், தொடவே இல்ல!"

யாரும் வாய் திறக்கவில்லை. போன வாரம் மாதிரியே.

அதற்கப்புறம்தான், உடைந்த பலகைகளுக்கு நடுவிலிருந்து, மெதுவாக அந்தக் கட்டைவிரல் மேலே வந்தது.

இயக்குநர் திரையில் ஓட்டிப் பார்த்துவிட்டு, படத்திலேயே நிஜமான அடி இதுதான் என்றார். கால்டர் வெளியே போனான்.

ஒடெல்லா திரையருகே போய் யாரையோ வீடியோவில் அழைத்து, தொலைபேசியை அந்தக் காட்சிக்கு நேரே பிடித்தாள். செட்டில் அதற்கு அனுமதி கிடையாது. ராஸ்கோ வேறு பக்கம் பார்த்துக்கொண்டான்.

நான் பின்னால் நின்று அவள் கோட்டைக் கழற்றினேன். கழுத்துப் பட்டையில் போன வாரம் அந்த இளம்பெண்ணுக்காக நான் தைத்த பெயர் இன்னும் இருந்தது. ஜூனா டெவோ. கோட்டைப் பிரிக்கும்போது அதை மட்டும் பிரிக்க வேண்டாம் என்று ஒடெல்லா கேட்டுக்கொண்டிருந்தாள். ஏனென்று நான் கேட்கவில்லை.

"பாத்தியாடி கண்ணு?" என்றாள் தொலைபேசியிடம். "அம்மா எப்படி விழுந்தேன்?"

அந்தப் பக்கத்தில் இருந்தவளால் பேச முடியாது. பற்களை மேலும் கீழுமாகக் கம்பியால் கட்டியிருந்தார்கள்.

தொலைபேசித் திரையின் ஓரத்தில் ஒரு கட்டைவிரல் உயர்ந்தது.

கோட்டை மடித்து நாற்காலியில் வைத்தேன்.

"ராஸ்கோ" என்றேன். "நான் கையெழுத்துப் போட்ட தாள் எங்க இருக்கு?"